மியூட்டில் ஒரு சண்டை

(புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டுக் கூடம். ஆறு வார இணையவழிக் குழுப் பயிற்சியின் அன்றைய வகுப்பு முடிந்து மருமகன் லேப்டாப்பை மூடுகிறார். ஒரு மணி நேரமாகச் செய்தித்தாளின் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்த மாமனார் எழுந்து வருகிறார்.)

மாமனார்: மாப்பிள்ளை, தவறாக நினைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் குழுவில் சண்டை எப்போது தொடங்கும்?

மருமகன்: சண்டையா? நாங்கள் ஆறு பேரும் ஒற்றுமையாக இருக்கிறோம், மாமா.

மாமனார்: அப்படியானால் பயிற்றுநர் சொன்ன பாடம் என்னவாயிற்று? எந்தச் சிறு குழுவும் முதலில் உருவாகும், பிறகு மோதிக்கொள்ளும், அதன்பின் தனக்கென்று ஒரு நெறிமுறையை வகுத்துக்கொள்ளும், அதற்கும் பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யும் என்று புரூஸ் டக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1965-ஆம் ஆண்டிலேயே எழுதினாராமே. இரண்டாம் நிலைக்காக நானும் மூன்று வாரமாகக் காத்திருக்கிறேன்.

மருமகன்: வகுப்பு முழுவதையும் ஒட்டுக்கேட்டீர்களா?

மாமனார்: கேட்கவில்லை, காதில் விழுந்தது. காது வலிக்கிறது என்று ஹெட்போனைக் கழற்றி வைத்தவர் நீங்கள்.

மருமகன்: ஆன்லைன் குழுவில் மோதல் அவ்வளவாக இருக்காது, மாமா. இன்று யாராவது குரலை உயர்த்தினார்களா?

மாமனார்: ஒருவரும் வாயே திறக்கவில்லை; அதுதானே சண்டை! அட்டவணையை யார் தயாரிப்பது என்று ஹைதராபாத்காரர் கேட்டதும் மற்ற ஐந்து கேமராக்களும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. நெட்வொர்க் சரியில்லை என்று நீங்கள் முறையிட்ட அதே நேரத்தில், உங்கள் மாமியார் நம் வீட்டு வைஃபையில் வத்தக்குழம்பு வீடியோவை ஓரிடத்திலும் நிற்காமல் பார்த்து முடித்தாள்.

(மருமகனுக்கு இருமல் வருகிறது. நெட்வொர்க்கைப் போலவே அதுவும் வேண்டும்போது வரக்கூடியது.)

மாமனார்: மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரி பார்க்க வருகிறவர்களுக்கு நீர்மோர் கொடுக்க எங்கள் தெருவில் ஒரு குழு வைத்திருக்கிறோம். மோரில் இஞ்சி தட்டிப் போடுவதா வேண்டாமா என்று பேச்சு முற்றினால், ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறுவார். ஆனால் செருப்பைத் தேடுகிற சாக்கில் வாசலிலேயே நிற்பார். யாராவது போய்க் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வருவோம். உங்கள் குழுவில் ஒருவர் மறைந்தால், கோபித்துக்கொண்டு போனாரா, கரண்ட் போனதா என்றே தெரியவில்லையே. யாரை எந்த வாசலில் போய்ச் சமாதானம் செய்வது?

மருமகன்: டக்மன் அலசிய ஆய்வுகளில் பெரும்பாலானவை சிகிச்சைக் குழுக்களையும் மனித உறவுப் பயிற்சிக் குழுக்களையும் பற்றியவை. அவர்கள் எல்லாரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசியவர்கள். எங்களுக்கு அது அப்படியே பொருந்தாது. நாங்கள் நேராக மூன்றாம் நிலைக்கே வந்துவிட்டோம். பேசாதபோது மியூட்டில் இருக்க வேண்டும், பேச வேண்டுமானால் கை தூக்கும் பொத்தானை அழுத்த வேண்டும் என்றெல்லாம் நெறிமுறை இருக்கிறது.

மாமனார்: அது பயிற்றுநர் வகுத்த நெறிமுறை. நீங்களாக வகுத்தது, அந்த ஹைதராபாத்காரரை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஐவரும் நடத்துகிற வாட்ஸ்அப் குழு.

மருமகன்: அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

மாமனார்: வாய்ஸ் மெசேஜை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டால் எனக்கு மட்டுமா, எதிர்வீட்டுக்கும்தான் தெரியும்.

மருமகன்: கவலைப்படாதீர்கள். கோனி கெர்சிக் என்ற ஆய்வாளர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் எட்டுக் குழுக்களைக் கவனித்து, கெடுவில் ஏறக்குறையப் பாதி கழிந்த பிறகே அவை திடுக்கிட்டு விழித்துப் பழைய போக்கை மாற்றிக்கொண்டன என்று எழுதியிருக்கிறார். இன்றோடு எங்களுக்கும் சரிபாதி முடிந்தது.

மாமனார்: அவர் கண்ட குழுக்கள் விழித்துக்கொண்டன, நீங்கள் கேமராவை அணைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனீர்கள்.

மருமகன்: எப்படியும் இன்னும் மூன்று வாரம்தான், மாமா. மேரி ஆன் ஜென்சனோடு சேர்ந்து டக்மன் 1977-இல் கலைதல் என்று ஐந்தாவதாக ஒரு நிலையையும் சேர்த்துவிட்டார். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் கலைந்துவிடலாம்.

மாமனார்: அட்டவணை இல்லாமல் கலைய முடியாது, மாப்பிள்ளை. நீங்கள் காபிக்குப் போனபோது கேமராவைத்தான் அணைத்தீர்கள், மியூட் போடவில்லை. அந்த மனிதர் தனியாக உட்கார்ந்து ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மனம் கேட்கவில்லை. ஏனாமில் அரசுப் பணியில் இருந்தபோது பேசிய தெலுங்கை இருபது வருடம் கழித்து எடுத்தேன்.

மருமகன்: ஐயோ, என்ன பேசினீர்கள்?

மாமனார்: கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தேன், அவ்வளவுதான். மனிதர் தங்கமானவர். எங்கள் மாப்பிள்ளையே தயாரித்து அனுப்புவார் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். நாளைக் காலை பத்து மணிக்குள் வேண்டுமாம்.