மாதிரியைப் பெருக்கினால் கேள்வி சரியாகிவிடாது

உளவியலில் ஏற்கெனவே வெளியான 100 ஆய்வுகளை மீண்டும் செய்துபார்த்த முடிவு 2015-இல் வந்தது. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் முக்கியத்துவம் (தற்செயலால் மட்டும் வர வாய்ப்புக் குறைவான முடிவு) காட்டியவை. மறுபடி செய்தபோது அப்படிக் காட்டியவை 36 விழுக்காடுதான். அன்றிலிருந்து எல்லோரும் சொல்லும் மருந்து இரண்டு: மாதிரியை, அதாவது ஆய்வுக்கு எடுக்கும் ஆட்களின் எண்ணிக்கையை, பெரிதாக்கு; கருதுகோளை முன்கூட்டியே பதிவு செய். இரண்டும் வேண்டியவைதான். ஆனால் கேள்வியிலேயே பழுது இருந்தால் இவை கைகொடுக்காது. முதல் மருந்து நோயைக் கூட்டவும் செய்யும்.

அமெரிக்காவின் மினசோட்டாவில் உளவியலாளர்கள் பால் மீலும் டேவிட் லிக்கனும் 57,000 பள்ளி இறுதியாண்டு மாணவர்களின் தரவை எடுத்தார்கள். பிறந்த வரிசை, மதம், பள்ளி பிடிக்குமா என்பன போன்ற 15 விவரங்கள். இரண்டிரண்டாகச் சேர்த்தால் 105 இணைகள். அந்த 105-இலும் 'முக்கியமான' தொடர்பு கிடைத்தது! மனித வாழ்க்கையில் எதை எடுத்தாலும் இன்னொன்றோடு கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். மாதிரி பெருகப் பெருக அந்தக் கொஞ்சமும் கண்டுபிடிப்பாகத் தெரியத் தொடங்கும். 'தொடர்பு உண்டு' என்று மட்டும் சொல்லும் கருதுகோள் ஏறக்குறைய எதையுமே சொல்லவில்லை.

இந்த வகைப் பழுதுகளைத் தேடுவதையே வேலையாகக் கொண்டவர்கள் கோட்பாட்டு உளவியலுக்கான பன்னாட்டுச் சங்கத்தினர். 1985-இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் தொடங்கிய சங்கம். பான்ஃப், பெர்லின், கேப் டவுன், நாஞ்சிங், சாண்டியாகோ, டோக்கியோ என்று பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இடம் மாறி மாறிக் கூடுகிறார்கள். இதே துறைக்கென்று 'தியரி அண்ட் சைக்காலஜி' என்ற ஆய்விதழ் 1991 முதல் வருகிறது. தரவு பிடிக்காதவர்களின் கூட்டம் என்று இவர்களை ஒதுக்குவது அநியாயம். தரவு திரட்டுவதற்கு முன்னால் செய்தாக வேண்டிய வேலையைத்தான் இவர்கள் செய்கிறார்கள்.

அந்த வேலை எப்படி இருக்கும்? நார்வே உளவியலாளர் யான் ஸ்மெட்ஸ்லுண்ட் காட்டிய வழியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கருதுகோளை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அடியில் அதன் மறுப்பை எழுதுங்கள். அந்த மறுப்பு நடக்கக்கூடிய ஒன்றா என்று பாருங்கள். 'எதிர்பாராதது நடந்தால் மனிதருக்கு வியப்பு வரும்' என்பதன் மறுப்பு, எதிர்பாராதது நடந்தும் வியப்பே வரவில்லை என்பது. அப்படி ஒருவர் சொன்னால், உள்ளூர எதிர்பார்த்திருப்பார் என்போம். கருதுகோள் தவறு என்று சொல்ல மாட்டோம். அது சொல்லின் பொருளிலேயே அடங்கிய உண்மை. அதற்கு 400 பேரிடம் வினாப்பட்டியல் நிரப்பி வாங்குவது, மணமாகாதவர்களுக்கு மனைவி உண்டா என்று கணக்கெடுப்பது போலத்தான்.

அடுத்து வினாக்களை வைத்துப் பாருங்கள். மனச்சோர்வுக்கும் உறக்கக் குறைவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்வதாக வைத்துக்கொள்வோம். மனச்சோர்வை அளக்கப் பலரும் எடுக்கும் பிஎச்கியூ-9 என்ற வினாப்பட்டியலில் 9 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. அதில் மூன்றாவது வினாவே உறக்கத்தைப் பற்றியதுதான். ஆகவே கிடைக்கும் தொடர்பில் ஒரு பங்கு உறக்கம் உறக்கத்தோடு கொண்ட தொடர்பு. அந்த வினாவை நீக்கி, 24-க்குக் கணக்கிட்டு, இரண்டு எண்களையும் ஆய்வேட்டில் போட வேண்டும். அரை மணி நேர வேலை. எத்தனை பேர் செய்கிறார்கள்?

சங்கத்தின் மீது எனக்குள்ள வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். உரைகளில் பல ஏதோ ஒரு தத்துவவாதிக்கு விளக்கம் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. அளவைகளை, அதாவது இப்படிப்பட்ட வினாப்பட்டியல்களை, தயாரிப்பவர்களின் மேசைக்கு இந்தப் பேச்சு போய்ச் சேருவதில்லை. அதோடு விவாதம் முழுக்க ஆங்கிலத்தில். மொழிதான் இந்தத் துறையின் ஆழமான சிக்கலே என்பதால் இது சிறிய குறையல்ல.

உளவியல் வரலாற்றாசிரியர் கர்ட் டான்சிகர் 1950-களின் பிற்பகுதியில் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் பாடம் நடத்தினார். அங்கே 'இல்மு ஜிவா' என்ற உள்நாட்டுப் பாடமும் இருந்தது. இந்த 'ஜிவா' நம்முடைய சீவன்தான். அதை நடத்தியவரோடு சேர்ந்து கருத்தரங்கு வைக்க டான்சிகர் விரும்பினார். இருவருக்கும் பொதுவான தலைப்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை! ஊக்கம், நுண்ணறிவு, கற்றல் என்று இவர் தனித்தனிப் பொருளாக எடுத்து வைத்தவை அவர் பாடத்தில் அப்படிப் பிரிந்து நிற்கவே இல்லை. உளவியலின் வகைகள் இயற்கையில் கிடந்து கண்டெடுக்கப்பட்டவை அல்ல என்ற டான்சிகரின் பிற்கால வாதத்துக்கு இந்த அனுபவம் ஒரு வேர்.

தமிழில் அளவைகளை மொழிபெயர்ப்பவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்வுகளில், இளிவரல் (தன்னை இழிவாக உணரும் கூசல்) ஒன்று. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கும் அதன் நிலைக்களன்கள். அதற்கு இணையாக ஆங்கில அளவையில் இருப்பதோ அழுகிய உணவைக் கண்டு முகம் சுளிக்கும் அருவருப்பு. அருவருப்பு என்று தமிழில் எழுதி, ஆங்கிலத்துக்கு மீள்மொழிபெயர்ப்பு செய்தால் அதே சொல் திரும்பி வரும். சோதனையில் தேறிவிட்டதாகக் குறித்துக்கொள்வார்கள். முதுமையில் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கும்போது வருகிற அந்தக் கூசலுக்கு அளவையில் வினாவே இருக்காது.