மின்சாரப் பிக்கப்பின் எதிரி காற்று

2025 டிசம்பரில் ஃபோர்டு நிறுவனம் எஃப்-150 லைட்னிங் பிக்கப்பை முழு மின்சார வண்டியாகத் தொடர்ந்து தயாரிக்கப் போவதில்லை என்று அறிவித்ததிலிருந்து, மிச்சிகனில் நான் பழகும் நண்பர்கள் பலரும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்: மின்சாரப் பிக்கப் என்ற யோசனையே தவறு, காருக்குப் பொருந்துவது ட்ரக்குக்குப் பொருந்தாது. கார் தொழிலை நம்பி வாழும் ஊர்ப்பக்கம் என்பதால் இந்தப் பேச்சு எங்கள் கூட்டங்களில் வேகமாகச் சூடேறிவிடுகிறது. அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. அன்றாட ஓட்டம், டிரெய்லர் இழுத்தல், காட்டுப்பாதை ஓட்டம் என்ற மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற மூன்று வேலைகள். மின்சாரப் பிக்கப் இவற்றில் ஒன்றில் மட்டும், அதிலும் அந்த வேலையின் ஒரு பகுதியில் மட்டுமே தோற்கிறது. அந்தத் தோல்விக்கான காரணமாகப் பெரும்பாலோர் சொல்வதும் சரியான காரணம் அன்று.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கச் சந்தைக்கு முதலில் வந்த மின்சாரப் பிக்கப், இல்லினாய் மாநிலத்தின் நார்மல் என்ற ஊரில், முன்பு மிட்சுபிஷி கார்கள் தயாரான தொழிற்சாலையில் உருவான ரிவியன் ஆர்1டி. அது 2021 செப்டம்பரில் வெளிவந்தது. அடுத்த ஏப்ரலில் மிச்சிகனின் டியர்பார்னில் லைட்னிங் உற்பத்தி தொடங்கியது. 39,974 டாலரில் தொடங்கும் என்று ஃபோர்டு முதலில் அறிவித்த விலை நெடுநாள் நிற்கவில்லை. 2019-இல் 39,900 டாலர் என்று மேடையில் காட்டப்பட்ட டெஸ்லாவின் சைபர்ட்ரக், 2023 நவம்பரில் கைக்கு வந்தபோது அதன் நான்கு சக்கர இயக்க வடிவம் 79,990 டாலராகியிருந்தது. 2024-இல் லைட்னிங் 33,510 வண்டிகள் விற்றது. அதே ஆண்டில் ஃபோர்டின் எஃப் வரிசைப் பிக்கப்புகளின் மொத்த விற்பனை ஏழரை லட்சத்தைத் தாண்டியது. 2025 செப்டம்பர் 30-உடன் 7,500 டாலர் மத்திய வரிச் சலுகையும் முடிந்துபோனது. ஆக, விற்பனை சரிந்ததில் விலைக்கும் அரசியலுக்கும் பெரிய பங்கு உண்டு. வண்டியின் தகுதியை விற்பனைக் கணக்கை மட்டும் வைத்து எடைபோடுவது நியாயமாகாது.

அன்றாட ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஏனென்றால் அங்கே சிக்கலே இல்லை. அமெரிக்க ஓட்டுநர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 13,500 மைல் ஓட்டுகிறார் என்பது மத்திய நெடுஞ்சாலை நிர்வாகத்தின் கணக்கு. நாளொன்றுக்கு 37 மைல், அதாவது 60 கிலோமீட்டர். பெரிய பேட்டரி கொண்ட லைட்னிங்கின் சான்றளிக்கப்பட்ட ரேஞ்ச், அதாவது ஒருமுறை முழுதாகச் சார்ஜ் ஏற்றினால் ஓடும் தூரம், 320 மைல். கடுங்குளிரில் அதில் கணிசமான பகுதி போனாலும், இரவில் வீட்டிலேயே சார்ஜ் ஏற்றிக்கொள்பவருக்கு அது உறைக்காது. ஒரே நிபந்தனை, வீட்டில் 240 வோல்ட் இணைப்பு இருக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருந்துகொண்டு பொதுச் சார்ஜரை மட்டும் நம்பி இவ்வளவு பெரிய பேட்டரியை வாங்குவது அறிவுடைமை ஆகாது.

அன்றாடப் பயன்பாட்டில் பலர் கவனிக்கத் தவறும் ஒரு பெரிய வசதி, இந்த வண்டி தன் பேட்டரியிலிருந்து வெளியே மின்சாரம் தருவதுதான். லைட்னிங்கில் 9.6 கிலோவாட் வரை எடுக்கலாம்; பதினொரு பிளக் புள்ளிகள் வரை உண்டு. தச்சு வேலை, கூரை வேலை செய்பவர் தன் அறுவை இயந்திரத்தையும் காற்றழுத்தியையும் நேராக வண்டியில் செருகிக்கொண்டு, ஜெனரேட்டரின் இரைச்சலும் புகையும் இல்லாமல் நாள் முழுவதும் வேலை பார்க்கலாம். தக்க இணைப்புக் கருவியை வீட்டில் பொருத்தியிருந்தால், நாளொன்றுக்கு 30 கிலோவாட் மணி செலவாகும் வீட்டைப் பெரிய பேட்டரி மூன்று நாள் தாங்கும் என்பது ஃபோர்டின் கணக்கு. பனிப்புயலில் மின்கம்பிகள் அறுந்துவிழும் மாநிலத்தில் வாழ்பவர்களுக்கு இதன் மதிப்பைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. எஞ்சின் இருந்த இடத்தில் இப்போது 14 கன அடிப் பூட்டறை இருக்கிறது. மழையில் நனையக்கூடாத கருவிகளுக்கு அது போதும்.

இனி டிரெய்லர். விவாதம் முழுவதும் இங்கேதான் குழம்புகிறது. லைட்னிங் அதிகபட்சம் 10,000 பவுண்டும், ரிவியனும் சைபர்ட்ரக்கும் 11,000 பவுண்டும் இழுக்கும் என்பது நிறுவனங்கள் தரும் எண். நான்கரை டன்னுக்கும் ஐந்து டன்னுக்கும் இடைப்பட்ட இந்தப் பாரத்தை இழுக்கும் வலு அவற்றுக்கு மெய்யாகவே உண்டு. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே தன் முழு முறுக்குவிசையையும் தந்துவிடுவதால், ஏரிக்கரைச் சரிவில் படகை நீரிலிருந்து மேலே ஏற்றும் வேலையில் இதற்கு நிகரான பெட்ரோல் பிக்கப்பை நான் பார்த்ததில்லை. கொலராடோவில் ஐசனாவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின்கள் அங்கே காற்று மெலிந்து மூச்சுத் திணறும்போது மின்மோட்டாருக்கு அந்தக் கவலையே இல்லை. இறக்கத்தில் பிரேக் சூடேறாமல் மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, இறங்கும் விசையின் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பியும் அனுப்புகிறது. இழுக்கும் வலுவில் குறை சொல்ல எதுவும் இல்லை.

குறை எங்கே வருகிறதென்றால், எவ்வளவு தூரம் என்று கேட்கும்போது. உயரமான, முகப்பு தட்டையான பயண டிரெய்லரை நெடுஞ்சாலை வேகத்தில் இழுத்தால் ரேஞ்ச் பாதியாகவோ, அதற்கும் கீழாகவோ விழுந்துவிடுகிறது. இதற்குப் பாரத்தைக் காரணம் சொல்வதுதான் வழக்கம். ஆனால் சமதளச் சாலையில் ஒரே வேகத்தில் ஓடும் வண்டிக்குப் பெரும் செலவு வைப்பது காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 55 மைல் வேகத்தில் இருக்கும் எதிர்ப்பு 70 மைலில் அறுபது விழுக்காட்டுக்கும் மேல் கூடிவிடுகிறது. எட்டடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள டிரெய்லரைக் கட்டிக்கொண்டு 70 மைலில் போவது, வீட்டுச் சுவரொன்றைப் பெயர்த்து வண்டிக்குப் பின்னால் கட்டி இழுப்பதற்குச் சமம். அதே எடையுள்ள தாழ்வான தட்டு டிரெய்லரோ படகோ அந்த அளவுக்கு ரேஞ்சை விழுங்குவதில்லை.

பாரமே ஒரு பொருட்டன்று என்றும் சொல்லிவிட முடியாது. 2023-இல் அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கமான ஏஏஏ, லைட்னிங்கின் பின்தொட்டியில் 1,400 பவுண்டு மணல்மூட்டைகளை ஏற்றிச் சோதித்தபோது, 278 மைல் ஓடிய வண்டி 210 மைலோடு நின்றது. ஏறத்தாழ கால்பங்கு இழப்பு. ஆயினும் அது வண்டி சுமக்கக்கூடியதன் எல்லையை நெருங்கிய சுமை. அப்படியொரு சுமையை நாள்தோறும் ஏற்றிக்கொண்டு 200 மைல் ஓட்டுபவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

பெட்ரோல் பிக்கப்பும் டிரெய்லர் இழுக்கும்போது மைலேஜில் பாதியை இழக்கத்தான் செய்கிறது. அதை யாரும் பெரிதாகப் பேசாததற்குக் காரணம் தொட்டியின் அளவு. ஒரு கேலன் பெட்ரோலில் 33.7 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. எஃப்-150-க்குக் கிடைக்கும் 36 கேலன் தொட்டியை நிரப்பினால் அதில் 1,200 கிலோவாட் மணிக்கும் மேல் சேர்ந்துவிடுகிறது. லைட்னிங்கின் பெரிய பேட்டரி 131 கிலோவாட் மணி. நான்கு கேலன் பெட்ரோலுக்கும் சற்றுக் குறைவு. அந்த நான்கு கேலனுக்கு ஈடான ஆற்றலில் 320 மைல் ஓடுகிறது என்பது வியப்புக்குரிய சிக்கனம். எஞ்சினோ தன் எரிபொருளின் பெரும்பகுதியை வெப்பமாக வீணடிக்கிறது. வீணடித்தும் மிஞ்சும் அளவுக்கு அதன் தொட்டியில் ஆற்றல் குவிந்திருக்கிறது. சிக்கனத்தை நம்பிச் சிறு கையிருப்போடு புறப்பட்ட மின்வண்டியிடம், காற்று கூடுதலாக ஒரு பங்கு கேட்கும்போது கொடுக்க எதுவும் இருப்பதில்லை.

இதைப் பயணக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். 320 மைல் பாதியானால் 160. வழியில் சார்ஜ் ஏற்றுபவர்கள் பத்து விழுக்காட்டிலிருந்து எண்பது வரைதான் ஏற்றுவார்கள், அதற்கு மேல் வேகம் குறைந்துவிடும். ஆகவே கையில் கிடைப்பது எழுபது விழுக்காடு, அதாவது 112 மைல். 65 மைல் வேகத்தில் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கும் குறைவாக ஓடிவிட்டு, முக்கால் மணி நேரத்தை நெருங்கும் அளவுக்கு நிற்க வேண்டும். டெட்ராய்ட் புறநகரிலிருந்து மிச்சிகனின் வடபகுதியில் உள்ள ட்ராவர்ஸ் சிட்டி ஏறத்தாழ 250 மைல். கோடை விடுமுறையின் முதல் வெள்ளிக்கிழமை மாலை, குழந்தைகள் பின்னிருக்கையில் அமர்ந்திருக்க, வழியில் ஒன்றிரண்டு முறை இப்படி நிற்பதென்பது எல்லாக் குடும்பத்துக்கும் ஒத்துவரும் காரியம் அன்று.

அதைவிட எனக்கு எரிச்சலூட்டுவது சார்ஜிங் நிலையங்களின் அமைப்பு. பெட்ரோல் பங்க்கில் டிரெய்லரோடு நுழைந்து அப்படியே நேராக வெளியேறலாம். சார்ஜர்களில் பெரும்பாலானவை, கார் மூக்கை உள்ளே விட்டு நிற்கும் வாகன நிறுத்தக் கட்டங்களாகவே கட்டப்பட்டிருக்கின்றன. டிரெய்லருடன் வந்தவர் ஒன்று மூன்று நான்கு இடங்களை மறித்துக்கொண்டு நிற்க வேண்டும், அல்லது நிலையத்தின் ஓரத்தில் டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டுச் சார்ஜ் ஏற்றி, மறுபடி வந்து மாட்ட வேண்டும். கொட்டும் மழையில் இதைச் செய்யும் ஒருவரிடம் போய் முறுக்குவிசையின் பெருமையைப் பேச முடியாது. 2024 பிப்ரவரியில் டெஸ்லாவின் சூப்பர்சார்ஜர்கள் ஃபோர்டு வண்டிகளுக்குத் திறந்துவிடப்பட்டது நல்ல செய்தி. ஆயினும் அந்தக் கேபிள்களில் பல டெஸ்லா கார்களை மனத்தில் வைத்து அளந்த நீளம் கொண்டவை. நெடுஞ்சாலையோரப் பைலட் பெட்ரோல் நிலையங்களில் ஜெனரல் மோட்டார்ஸும் (ஜிஎம்) ஈவிகோ என்ற சார்ஜிங் நிறுவனமும் சேர்ந்து அமைத்துவரும் இடங்கள் பலவற்றில் நேராக நுழைந்து நேராக வெளியேறும் வசதி இருக்கிறது. இந்த ஒன்றை முதல் நாளிலேயே எல்லோரும் செய்திருந்தால் பாதிப் புகார் எழுந்திருக்காது என்பது என் எண்ணம்.

காட்டுப்பாதையில் கதை தலைகீழாகிறது. மின்சாரப் பிக்கப்புக்கு மிகவும் பொருந்தாத இடம் அதுவென்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் அங்கே வேகம் மிகக் குறைவு, காற்று ஒரு பொருட்டாக இருப்பதில்லை. பாறைமேல் அங்குலம் அங்குலமாக ஏறுவதற்கு வேண்டியது ஒவ்வொரு சக்கரத்துக்கும் எவ்வளவு விசை போக வேண்டும் என்ற நுட்பமான கட்டுப்பாடு. ரிவியனின் நான்கு மோட்டார் வடிவத்தில் சக்கரத்துக்கு ஒரு மோட்டார் இருப்பதால், ஒன்று அந்தரத்தில் சுழலத் தொடங்கும்போதே அதன் விசையை அடக்கிப் பிடிப்புள்ள சக்கரங்களுக்குக் கொடுத்துவிட முடிகிறது. சக்கரங்களுக்கு மேல் வண்டியைத் தாங்கும் காற்றுத் தாங்கிகளை (ஏர் சஸ்பென்ஷன்) உயர்த்தினால் அதன் அடிப்பகுதி தரையிலிருந்து 14 அங்குலத்துக்கு மேல் எழும். மூன்றடி ஆழ நீரையும் கடக்கும். யூட்டாவின் மோவாப் போன்ற பாறைப் பாதைகளில் எஞ்சின் உறுமல் இல்லாமல், சக்கரத்தடியில் கல் நகரும் ஓசையைக் கேட்டே வழி தீர்மானித்துப் போகலாம். லைட்னிங்குக்கு இந்தப் பாராட்டு பொருந்தாது, தரையிலிருந்து 8.4 அங்குல இடைவெளியும், உயர்த்த முடியாத தாங்கிகளும் கொண்ட அது மண்சாலைக்கும் பண்ணைக்குமான வண்டி.

காட்டுப்பாதையில் எனக்குள்ள தயக்கம் எடையைப் பற்றியது. ஜிஎம்மின் ஜிஎம்சி பிராண்டு விற்கும் ஹம்மர் மின்சாரப் பிக்கப் 9,000 பவுண்டுக்கும் மேல், அதாவது நான்கு டன்னுக்கும் அதிகம். அதன் பேட்டரி மட்டுமே ஒரு ஹோண்டா சிவிக் காரின் எடை. முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே பக்கம் திரும்பி நண்டுபோல் குறுக்காக நகரும் வித்தையெல்லாம் அதற்குத் தெரியும். ஆனால் நான்கு டன் வண்டி ஈர மணலில் புதைந்துவிட்டால், துணைக்கு வந்த ஜீப்பின் வின்ச் (இழுவைக் கம்பிச் சுருள்) அதை வெளியே இழுத்துவிடும் என்று நம்பிப் போகக்கூடாது. சார்ஜ் தீர்ந்துபோனால் தோளில் ஒரு கேன் தூக்கிக்கொண்டு போய் ஊற்றவும் வழியில்லை.

இந்த எடைதான் ஜிஎம் தேர்ந்தெடுத்த பாதையின் மீதும் எனக்கு ஐயத்தை உண்டாக்குகிறது. டிரெய்லர் ரேஞ்சைத் தின்றால் பேட்டரியைப் பெரிதாக்குவோம் என்று, தன் சில்வராடோ மின்சாரப் பிக்கப்பில் 200 கிலோவாட் மணிக்கும் மேல் அடுக்கி, 492 மைல் வரை ஓடும் வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். டிரெய்லரோடும் 200 மைலுக்கு மேல் எதிர்பார்க்கலாம் என்பது உண்மைதான். ஆனால் ஆண்டுக்கு நான்கைந்து நாள் இழுக்கப்போகும் டிரெய்லருக்காக, ஆண்டு முழுவதும் தேவையில்லாத ஒரு டன் பேட்டரியைக் கடைக்கும் அலுவலகத்துக்கும் சுமந்து திரிவதும், அதற்கான விலையைக் கொடுப்பதும் என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

அடிக்கடி, நெடுந்தூரம், உயரமான டிரெய்லரை இழுப்பவருக்கு, மின்மோட்டாரே சக்கரத்தைச் சுழற்ற, சிறிய எஞ்சின் பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஏற்பாடு பொருத்தமானது. ராம் நிறுவனம் 2025-இல் தன் முழு மின்சாரப் பிக்கப்பைக் கைவிட்டு, 92 கிலோவாட் மணி பேட்டரியும் 3.6 லிட்டர் எஞ்சினும் கொண்ட வடிவத்துக்குக் கைவிட்ட வண்டியின் பெயரையே மாற்றிக் கொடுத்தது. வோக்ஸ்வாகன் மீட்டெடுத்திருக்கும் ஸ்கவுட் பிராண்டுக்கு முன்பதிவு செய்தவர்களில் பெரும்பான்மையோர் எஞ்சினுடன் கூடிய வடிவத்தையே கேட்டிருக்கிறார்கள். லைட்னிங்கின் அடுத்த தலைமுறையும் அப்படித்தான் வரும் என்று ஃபோர்டு சொல்லியிருக்கிறது. இதைத் தோல்வி என்று கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இழுக்கும் வேலை மோட்டாரிடமே இருக்கிறது, கையிருப்புப் பிரச்சினைக்கு மட்டும் பெட்ரோலிடம் கடன் வாங்குகிறார்கள்.

எனக்கு அதைவிட ஆவல் தருவது, கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் தொழிற்சாலையிலிருந்து 2027-இல் ஏறத்தாழ 30,000 டாலர் விலையில் வரவிருப்பதாக ஃபோர்டு அறிவித்திருக்கும் நடுத்தர அளவு மின்சாரப் பிக்கப். தச்சருக்கும் தோட்டக்காரருக்கும், வார இறுதியில் ஒட்டுப்பலகையும் உரமூட்டையும் ஏற்றி வரும் எங்களைப் போன்றோருக்கும் வேண்டிய வண்டி அந்த அளவில்தான் இருக்க முடியும். அதை விற்க வரும்போது எத்தனை பவுண்டு இழுக்கும் என்ற எண்ணை விளம்பரத்தின் முதல் வரியில் போடாமல், எட்டடி உயர டிரெய்லரோடு 65 மைல் வேகத்தில் எத்தனை மைல் ஓடும் என்பதை வெளிப்படையாக அச்சிட்டுத் தந்தால், நான் முன்பணம் கட்டத் தயாராக இருக்கிறேன்.