'பிங்க் மூன்' நிக் டிரேக்கின் கடைசிப் பதிவு அல்ல

ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக்கைப் பற்றி, "பிங்க் மூன் ஆல்பம் நிக் டிரேக்கின் மரண வாக்குமூலம், பாடி முடித்த கையோடு போய்விட்டார்" என்று நண்பர் எழுதியிருக்கிறார். அந்த ஆல்பத்தின் மேல் அவருக்கு இருக்கும் பிரியம் எனக்கும் உண்டு. ஆனால் தேதிகள் வேறு கதை சொல்கின்றன.

லண்டன் சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டுடியோவில் 1971 அக்டோபரில் இரண்டே இரவுகளில் பதிவானது அது. 1972 பிப்ரவரியில் வெளிவந்தது. நிக் இறந்தது 1974 நவம்பரில், 26 வயதில். நடுவே மூன்று வருடம் இருக்கிறது. அவர் உயிரோடு இருந்தபோது வந்த கடைசி ஆல்பம் என்றால் சரி. கடைசிப் பதிவு என்றால் தவறு, 1974-இல் மறுபடி ஸ்டுடியோவுக்கு வந்து சில பாடல்கள் பாடினார். 'பிளாக் ஐட் டாக்' அவற்றில் ஒன்று. அந்தக் குரலின் நடுக்கத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

அப்புறம், கூட வாசிக்க ஆள் கிடைக்காததால்தான் இந்த ஆல்பத்தில் வெறும் கிதார் என்று நண்பர் சொல்வதும் சரியில்லை. முந்தைய ஆல்பத்தில் டிரம்ஸ், வயலின் எல்லாம் இருந்தன. இந்த முறை நிக்கேதான் எதுவும் வேண்டாம் என்றார். குரல், கிதார், தலைப்புப் பாடலில் மட்டும் கொஞ்சம் பியானோ, அவ்வளவுதான். மொத்தம் 28 நிமிடம்.

ஆல்பம் முடிவது 'ஃப்ரம் த மார்னிங்' பாட்டில். விடியலைப் பாடும் பாட்டு அது. அவருடைய கல்லறைக் கல்லில் பொறித்திருப்பதும் அதில் வரும் வரியைத்தான். தயவுசெய்து அதை இன்னொரு தடவை கேளுங்கள்.