விண்டோஸை மாற்றும் முன் கோப்பை மாற்றுங்கள்

போன மாதம் ஒரு மத்தியானம், பக்கத்து ஊர் சிவன் கோயில் தர்மகர்த்தா என் டிடிபி கடைக்கு, அதாவது கணினியில் அச்சுப் பக்கம் அமைத்துத் தரும் கடைக்கு, வந்தார். கையில் மஞ்சள் பை. பைக்குள் பழைய கும்பாபிஷேகப் பத்திரிகை. எட்டுப் பக்கம், ஓரமெல்லாம் பழுத்திருந்தது. “தம்பி, பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்கதான் அடிச்சுக் கொடுத்தீங்க. இதே மாதிரி வேணும். தேதியையும் உபயதாரர் பேரையும் மாத்திட்டாப் போதும், யாகசாலை விவரமெல்லாம் அதேதான்” என்றார்.

சரிங்கய்யா, சாயங்காலம் ப்ரூஃப் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். கோப்பு இருந்தது. மேட்டரை, அதாவது அச்சாக வேண்டிய வாசகத்தை, மட்டும் தனியாக வேர்டில் போட்டு வைத்திருந்த பிரதி. புது மடிக்கணினியில் அதைத் திறந்தேன். உச்சியில் ‘சிவமயம்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆர், பி, டி, கே, ஏ, கே என்று ஆறு ஆங்கில எழுத்து, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. எட்டுப் பக்கமும் அப்படியே. சுவாமி பெயர், அம்பாள் பெயர், சிவாச்சாரியார் பெயர், நல்ல நேரம், எல்லாம் ஆங்கில எழுத்துக் குவியல்.

டிடிபி வேலை தெரிந்தவர்களுக்கு இது என்ன என்று உடனே புரிந்திருக்கும். அது பாமினி எழுத்துருவில் அடித்த மேட்டர். பாமினியைப் பொறுத்தவரை கணினி சேமித்து வைப்பது தமிழை அல்ல, ஆங்கில எழுத்துகளைத்தான். அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுவது எழுத்துருவின் வேலை. எழுத்துரு இருக்கிற கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் குப்பை.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், கொஞ்ச நாளாகத் தெரிந்தவர்கள் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “அண்ணே, விண்டோஸ் 11-க்கு மாறலாமா, வேணாமா?” கேட்பவர்களில் பாதிப் பேர் என்னைப்போல டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்கள். மீதிப் பேர் பத்திர எழுத்தர்கள், வாத்தியார்கள், கோயில் மலருக்குக் கட்டுரை எழுதும் ஓய்வு பெற்ற தமிழய்யாக்கள். எல்லாரிடமும் பதினைந்து இருபது வருடத் தமிழ்க் கோப்புகள் இருக்கின்றன. மாறினால் அதெல்லாம் போய்விடுமோ என்ற பயம்தான் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

அந்தப் பயம் நியாயமானது. நான் பட்டிருக்கிறேன். 2020 ஜனவரி 14-ஆம் தேதி விண்டோஸ் 7-க்கு ஆதரவு முடிந்து, மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புத் திருத்தம் தருவதை நிறுத்தியபோது, அவசர அவசரமாகக் கடைக் கணினி ஒன்றை 10-க்கு மாற்றச் சொன்னேன். வந்த சர்வீஸ் தம்பி டி டிரைவில் இருந்ததையெல்லாம் ஒழுங்காகப் படி எடுத்தார். சி டிரைவை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினார். அவர் மேல் தப்பில்லை, நான் சொன்னதைத்தான் செய்தார். ஆனால் பல வருடமாகச் சேர்த்த எழுத்துருக்கள் எல்லாம் சி டிரைவில், விண்டோஸ் அடைவுக்குள் இருந்தன. இருநூறுக்கும் மேல். கோப்புகள் பத்திரமாக இருந்தன, படிக்கத்தான் முடியவில்லை. மூன்று நாள் கடையைச் சாத்திவிட்டு, ஒவ்வொரு கடையாகப் போய் எழுத்துரு கேட்டு அலைந்தேன். இரண்டு எழுத்துரு இன்றுவரை கிடைக்கவில்லை. அதில் அடித்த ஒரு பெரியவரின் குடும்ப வரலாற்று மலர் எண்பது பக்கம், அச்சடித்த பிரதியைப் பார்த்துத் திரும்ப அடித்தேன்.

அதனால் இப்போது கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான். இயங்குதளத்தை மாற்றுவதைப் பிறகு பார்க்கலாம், முதலில் கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றுங்கள். யுனிகோடு என்பது தமிழைத் தமிழாகவே சேமிக்கும் உலகப் பொதுக் குறியாக்கம். அது முடிந்துவிட்டால் 11 ஆனாலும் சரி, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஆனாலும் சரி, பத்து வருடம் கழித்து வேறு ஏதாவது வந்தாலும் சரி, எதற்கும் பயப்பட வேண்டியதில்லை. மாற்றாமல் வைத்திருந்தால், பழைய விண்டோஸிலேயே உட்கார்ந்திருந்தாலும் ஒரு நாள் அந்த வன்தட்டு போகும். அன்றைக்கு எல்லாமே போகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலையில். ஆதரவு முடிந்தது 2025 அக்டோபர் 14. பத்து வருடம். கோயிலுக்குக் கும்பாபிஷேகம் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை. அதாவது ஒரு பத்திரிகைக்கும் அடுத்த பத்திரிகைக்கும் நடுவில் ஒரு விண்டோஸின் ஆயுசே முடிந்துவிடுகிறது. நம் கோப்புகள் இயங்குதளத்தைவிட நீண்ட நாள் வாழ வேண்டியவை. அதை ஒரு விண்டோஸோடு கட்டிப்போடுவது சரியில்லை.

தமிழ்நாடு அரசு 2010-லேயே, கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், யுனிகோடையும் டேஸ்16-ஐயும் தமிழ்க் குறியாக்கத் தரமாக அறிவித்துவிட்டது. அதற்கு முன் 1999 தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்தவை டேம், டேப் குறியாக்கங்கள். எங்கள் தொழிலில் பெரும்பாலானவர்கள் இன்னும் டேமிலோ பாமினியிலோதான் இருக்கிறோம். காரணம் சோம்பல் இல்லை. பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர் யுனிகோடுத் தமிழைக் காட்டாது. பழைய இன்டிசைன், கோரல் டிரா பதிப்புகளிலும் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். வேலை நடக்க வேண்டுமே என்று பழைய எழுத்துருவிலேயே ஓட்டினோம். இப்போது அந்த நிலைமை இல்லை. புதிய பதிப்புகளில் யுனிகோடுத் தமிழ் ஒழுங்காக வருகிறது.

மாற்றுவது எப்படி என்று கேட்பீர்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் போல இலவச மாற்றிகள் இருக்கின்றன. மேட்டரைப் போட்டு, எந்தக் குறியாக்கம் என்று தேர்வு செய்தால் நொடியில் மாற்றித் தரும். ஆனால் மாற்றியதை அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள், ஒரு தடவை கண்ணால் பாருங்கள். பழைய எழுத்துருவில் அடிக்கும்போது ர-வுக்குப் பதில் துணைக்காலை அடித்துப் புள்ளி வைத்திருப்போம். பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். மாற்றிய பிறகு ‘அவர்’ என்பது ‘அவா்’ என்று நிற்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் தேடலில் ‘அவர்’ என்று போட்டால் ஒன்றுகூடக் கிடைக்காது. அதேபோல ‘கௌரி’ என்ற பெயரில் ஔகாரத்துக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ள-வும் போட்டு ‘கெளரி’ என்று இருக்கும். என் கோப்புகளில் இந்த இரண்டு பிழையும் ஆயிரக்கணக்கில் இருந்தன. துணைக்கால் புள்ளியைத் தேடி ர் என்று மொத்தமாக மாற்றிவிடலாம். கெள-வை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும், ஏனென்றால் ‘கெளுத்தி’ மீனும் ‘கௌுத்தி’ ஆகிவிடும்.

பேஜ்மேக்கர் கோப்பு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். இன்டிசைன் சிஎஸ்6 பதிப்பு வரைதான் பேஜ்மேக்கர் கோப்பை நேராகத் திறக்கும். அதற்குப் பிறகு வந்த பதிப்புகள் திறக்காது. எனவே பேஜ்மேக்கர் ஓடுகிற கணினி உயிரோடு இருக்கும்போதே மேட்டரை வெளியே எடுத்துவிடுங்கள். கூடவே எழுத்துருவைப் பொதிந்து ஒரு பிடிஎஃப் போட்டு வையுங்கள். நாளைக்கு எது இல்லாவிட்டாலும் அந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று பார்க்க அது போதும்.

சரி, கோப்பெல்லாம் மாற்றியாயிற்று. அப்புறம் 11-க்கு மாறலாமா?

இணையத்தோடு இணைந்திருக்கும் கணினி என்றால், ஆதரவு முடிந்த விண்டோஸில் ஓட்டாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. 2017 மே மாதம் வானாகிரை என்ற நச்சு நிரல் உலகம் முழுக்கப் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளே முடங்கின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வந்துவிட்டது. போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டினார்கள். ஆதரவு முடிந்த இயங்குதளத்துக்கு அப்படிப்பட்ட திருத்தம் வழக்கமாக வராது, நாம் போட்டுக்கொள்ள நினைத்தாலும் முடியாது. வைரஸ் தடுப்பு இருக்கிறதே என்பார்கள். கதவில் பூட்டு இல்லாத வீட்டுக்கு நாய் காவல் மாதிரிதான் அது. ஜிஎஸ்டி, வங்கிக் கணக்கு, வாடிக்கையாளர்கள் அனுப்பும் ஆதார் நகல் எல்லாம் ஓடுகிற கணினியில் இந்த விளையாட்டு வேண்டாம்.

என் கடை மடிக்கணினி பதினொன்றாம் தலைமுறைச் செயலி. அது ஒரு மணி நேரத்தில் மாறிவிட்டது, ஒரு தொந்தரவும் இல்லை. முன்பு விண்டோஸோடு வந்த லதா என்ற தமிழ் எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் மட்டும் வேறு மாதிரி தெரிந்தன. லதா விண்டோஸ் 10-லிருந்தே தானாக வருவதில்லை. அமைப்புகளில் விருப்ப வசதிகள் என்ற இடத்துக்குப் போய்த் தமிழுக்கான துணை எழுத்துருக்களைச் சேர்த்தால் வந்துவிடும். இது தெரியாமல் லதா போய்விட்டது என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர்.

கடையில் பேஜ்மேக்கர் ஓடும் இன்னொரு பழைய கணினியை மாற்றவில்லை, மாற்றவும் போவதில்லை. அது 32 பிட் விண்டோஸ் 7. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட் விண்டோஸ், கருவிகளை இயக்கும் பழைய 32 பிட் டிரைவர்களை ஏற்காது, அதனால் என் தமிழ் மென்பொருள் ஓடுவதற்காகச் செருகும் டாங்கிள் என்ற சிறு கருவியும் வேலை செய்யாது. அந்தக் கணினியின் இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். பென் டிரைவ்கூட வெளியாட்களுடையது செருகுவதில்லை. பழைய கோப்பைத் திறக்க, மேட்டரை எடுக்க, அவ்வளவுதான் அதன் வேலை.

எனக்கு மனசு ஆறாதது மூன்றாவது கணினி விஷயத்தில். வீட்டில் பையன் படிக்கும் மேசைக் கணினி. 2016-ல் வாங்கியது, ஆறாம் தலைமுறை ஐ3. எட்டு ஜிபி நினைவகம். இரண்டு வருடத்துக்கு முன் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டேன், பொத்தானை அழுத்தினால் இருபது நொடியில் எழுந்துவிடுகிறது. ஒரு குறையும் இல்லை. ஆனால் விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. என் செயலி அவர்கள் பட்டியலில் இல்லை, ஆகவே மாற முடியாது. பாதுகாப்புக்காக என்கிறார்கள், அதில் உண்மை இருக்கிறது. அதற்காக நன்றாக ஓடுகிற கணினியைக் காயலான் கடைக்குப் போடச் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. புதுக் கணினி வாங்க முப்பதாயிரமாவது ஆகும். எங்கள் மாதிரிக் குடும்பத்தில் அது ஒரு பிள்ளையின் ஒரு வருடப் படிப்புச் செலவு.

உங்கள் கணினியும் மாறாது என்று வந்தால், உடனே நம்பிவிடாதீர்கள். பல கணினிகளில் டிபிஎம் இருக்கும், கணினி எழும்போது வரும் பயாஸ் என்ற அமைப்பில் அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல் போர்டில் பிடிடி என்றும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் இருக்கும். அதை இயக்கிவிட்டு மறுபடி சோதித்துப் பாருங்கள். பட்டியலில் இல்லாத கணினியில் குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றித் தருகிறவர்கள் உண்டு. ஓடும். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்குத் திருத்தங்கள் வருவதற்கு உத்தரவாதம் கிடையாது என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. திருத்தத்துக்காகத்தானே மாறுகிறோம், அதுவே நிச்சயமில்லை என்றால் எதற்கு?

வீட்டுக் கணினியை இப்போதைக்கு விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் நீட்டிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்திருக்கிறேன். வீட்டு உபயோகக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை திருத்தம் வரும். முப்பது டாலர் கட்டலாம். அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைக் காப்பெடுக்க ஒப்புக்கொண்டால் பணம் வேண்டாம். நான் இரண்டாவதைத்தான் செய்தேன். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22ஹெச்2-ல் இருந்தால்தான் அந்த வசதி தெரியும், அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு அப்புறம் அந்தக் கணினியில் லினக்ஸ் மின்ட், லினக்ஸின் ஒரு வகை. முடிவு செய்துவிட்டேன். பதிப்பு 22-க்கு 2029 வரை ஆதரவு இருக்கிறது. பையனுக்கு வேண்டியது உலாவி, லிபரே ஆபிஸ், தமிழ் தட்டச்சு. மூன்றும் அதில் ஒழுங்காக இருக்கின்றன, தமிழ்99 விசைப்பலகை உட்பட. பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன், பிரின்டர் ஸ்கேனர் எல்லாம் எடுத்துக்கொண்டது. கடைக்கு மட்டும் அது ஒத்துவராது, கோரல் டிராவும் இன்டிசைனும் அதில் கிடையாது.

தர்மகர்த்தா ஐயாவின் பத்திரிகையை அன்று சாயங்காலம் கொடுக்க முடியவில்லை. மாற்றி, ர்-களைத் திருத்தி, ஒருமுறை முழுக்க வாசித்து, மறுநாள் காலையில் ப்ரூஃப் கொடுத்தேன். போன தடவை ‘கெளரி’ என்று இருந்த உபயதாரர் பெயர் இந்தத் தடவை ‘கௌரி’ என்று சரியாக அச்சாகியிருக்கிறது. இன்னும் நானூற்றுச் சொச்சம் கோப்புகள் பாக்கி. தினமும் கடை சாத்துவதற்கு முன் மூன்று கோப்பு மாற்றுகிறேன். நேற்று மாற்றியது 2009-ல் அடித்த ஒரு மணிவிழா மலர்.