மெட்டல் சோனிக்குக்குப் பேச்சைக் கொடுத்துவிட்டு ஏன் பிடுங்கினார்கள்?

ஒவ்வொரு முறையும் இதே கதைதான். நீல முள்ளெலி சோனிக்கின் புதிய வீடியோ விளையாட்டுக்கு டிரெய்லர் வருகிறது. எங்கோ ஓர் ஓரத்தில் நீல உலோகம் பளிச்சிடுகிறது, இருட்டில் இரண்டு சிவப்புக் கண்கள் எரிகின்றன. எனக்கு நெஞ்சு படபடக்கிறது. இந்தத் தடவையாவது அவனுக்கென்று ஒரு கதை வைத்திருப்பார்கள் என்று நம்பிக் காசு கொடுத்து வாங்குகிறேன். ராத்திரி முழுக்க உட்கார்ந்து விளையாடினால் கடைசியில் கிடைப்பது என்ன? ஒரு பந்தயம், இல்லாவிட்டால் ஒரு சின்னச் சண்டை. ஐந்து நிமிடம். வருகிறான், தோற்கிறான், புகை விட்டுக்கொண்டு விழுகிறான், கதை அவனைத் தாண்டிப் போய்விடுகிறது. ஏன் வந்தான், மனதில் என்ன இருந்தது, தோற்ற பிறகு என்ன ஆனான் என்று ஒரு வரி கிடையாது.

இத்தனை வருடம் பொறுத்தாயிற்று. இனி முடியவில்லை, கொட்டித்தான் ஆக வேண்டும்.

மெட்டல் சோனிக் யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 1993-இல் மெகா சிடி கருவிக்கு வந்த சோனிக் சிடி விளையாட்டில் முதலில் வந்தவன். தொடரின் முக்கிய வில்லன் டாக்டர் எக்மேன், சோனிக்கை ஒழித்துக்கட்டுவதற்காகச் சோனிக்கைப் போலவே செய்த ரோபோ. கசுயுகி ஹோஷினோ வரைந்த உருவம். உடம்பின் நடுவில் வட்டமாக ஒரு துளை, முதுகில் ஜெட் எஞ்சின், கூரான விரல்கள். முகத்தில் வாய் கிடையாது. அந்த வாயில்லாத முகத்தைப் பார்த்தாலே போதும், இவன் வேடிக்கைக்கு வந்தவன் இல்லை என்று புரிந்துவிடும்.

அந்த முதல் விளையாட்டில் அவனைக் கையாண்ட விதத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சோனிக்கின் தோழி ஏமியைத் தூக்கிக்கொண்டு போகிறான். பிறகு ஸ்டார்டஸ்ட் ஸ்பீட்வேயில் அந்தப் பந்தயம். பின்னால் எக்மேன் லேசர் பாய்ச்சிக்கொண்டே துரத்துகிறான், பட்டால் அந்த இடத்திலேயே சாவு. பக்கத்தில் மெட்டல் ஓடுகிறான். அவன் முந்திப் போய்விட்டால் முடிவில் இருக்கும் கதவு நம் முகத்துக்கு நேராக மூடிக்கொள்கிறது, லேசர் வந்து சேர்கிறது. நாம் முந்தினால் மூடிய கதவில் அவன் மோதி நொறுங்குகிறான். இரண்டில் ஒருவனுக்குத்தான் அந்தக் கதவு. இவ்வளவையும் ஒரு வசனம் கூட இல்லாமல் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு அவனுக்குப் பேச்சு தேவைப்படவில்லை. கதையில் சோனிக்கும் பேசவில்லை, யாருமே பேசவில்லை.

அப்புறம் 2003 கடைசியில் சோனிக் ஹீரோஸ் வந்தது. என் கோபம் முழுவதும் அங்கேதான் தொடங்குகிறது. அந்த விளையாட்டு மோசம் என்பதால் இல்லை. அதில் அவனுக்கு அவ்வளவு நல்ல கதை கொடுத்தார்கள் என்பதால்.

கதை முழுக்க எக்மேன்தான் வில்லன் என்று நினைத்து, மூன்று மூன்று பேர் கொண்ட நான்கு அணிகளும் துரத்துகின்றன. கடைசியில் பார்த்தால் நிஜமான எக்மேன் ஓர் அறையில் அடைபட்டுக் கிடக்கிறான். நான்கில் ஒன்றான கயாட்டிக்ஸ் என்ற துப்பறியும் அணியை வாக்கி-டாக்கியில் கூப்பிட்டு வேலைக்கு அமர்த்திய, முகம் தெரியாத அந்த ஆள் அவனேதான், தன்னைக் காப்பாற்றச் சொல்லித்தான் அமர்த்தியிருக்கிறான். வெளியே எக்மேனாக வேடம் போட்டு எல்லோரையும் ஆட்டிவைத்தவன் மெட்டல் சோனிக். படைத்தவனையே சிறையில் போட்டுவிட்டான்! ஒவ்வொரு அணியின் திறமையையும் தகவலாகச் சேர்த்துக்கொண்டான். சோனிக்கைத் தோற்கடிப்பதற்காகத் தன் உடம்பைத் தானே மாற்றிக்கொண்டான். யாரும் கட்டளை கொடுக்கவில்லை. எல்லாம் அவன் முடிவு.

அப்போது அவன் பேசுகிறான். தான்தான் உண்மையான சோனிக் என்கிறான். எதிரே நிற்கும் சோனிக்கைத் தன் நகல் என்கிறான். நகலாகப் பிறந்த ஒருவன் அசலைப் பார்த்து நீதான் நகல் என்று சொல்கிறான். முதல் தடவை அதைக் கேட்டபோது கையில் இருந்த கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். அவனுடைய வஞ்சம் எங்கிருந்து வருகிறது என்று அந்த ஒரே வரியில் விளங்கிவிட்டது. இவனுக்கு உலகமும் அதிகாரமும் மட்டும் போதாது. இருப்பதற்கு ஓர் உரிமை வேண்டும். சோனிக் என்று ஒருவன் உயிரோடு இருக்கும் வரை இவன் வெறும் பிரதி. அதனால் சோனிக் இருக்கக் கூடாது. இதைவிடத் தெளிவான பகை இந்தத் தொடரில் வேறு எந்த வில்லனுக்கு இருக்கிறது? எக்மேனுக்கே கிடையாது.

அவனை அடக்கப் பன்னிரண்டு பேர் வேண்டியிருந்தது. மெட்டல் மேட்னஸ் என்ற பிரமாண்ட வடிவம் எடுத்தபோது மூன்று அணிகள் ஒன்றன்பின் ஒன்றாக மோதி நேரம் வாங்கிக் கொடுத்தன. அதற்கும் மேலே மெட்டல் ஓவர்லார்ட் ஆனபோது கேயாஸ் மரகதங்கள் என்ற ஏழு மாயக் கற்களின் சக்தியோடு சூப்பர் சோனிக் வர வேண்டியிருந்தது, அதுவும் நண்பர்கள் டெயில்ஸ், நக்கிள்ஸ் இருவரும் துணைக்கு. முடிவில் பழைய உருவத்துக்குத் திரும்பிக் கீழே கிடக்கிறான். அப்போது கேட்கிறான், ஏன் என்னால் உன்னை வெல்ல முடியவில்லை என்று. சோனிக்கும் லேசாக எடுத்துக்கொண்டு, மறுபடி மோத வேண்டுமானால் எப்போது வேண்டுமானாலும் வா என்கிற மாதிரி சொல்லி அனுப்புகிறான்.

இதைப் பார்ப்பதற்கு நான் என்ன பாடுபட்டேன் என்று சொல்லட்டுமா? நான்கு அணிகளின் கதையையும் முடிக்க வேண்டும். ஒவ்வொரு கதையிலும் 14 கட்டங்கள், நடுநடுவே பெரிய சண்டைகள் வேறு. அதோடு ஏழு மரகதங்களையும் எடுக்க வேண்டும். மரகதத்துக்கு முதலில் ஒரு சாவி, அந்தச் சாவியோடு கட்டத்தின் கடைசி வரை அடிபடாமல் போக வேண்டும், ஓர் அடி பட்டால் சாவி போய்விடும். முடிவு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் எத்தனை தடவை ஏதோ ஒரு மூலையிலிருந்து அடி வாங்கியிருக்கிறேன்! சாவியோடு போய்ச் சேர்ந்தாலும் அந்தக் குழாய்க்குள் ஓடும் சிறப்புக் கட்டம், சோனிக் நாம் சொல்வதைக் கேட்காமல் சுவர் மேல் ஏறிப் போகும் அந்தக் கொடுமை. வாரக்கணக்கில் போராடினேன். அவ்வளவையும் தாண்டியவர்களுக்கு மட்டும்தான் அவன் குரல் கேட்டது. வில்லனின் மனதைக் கதையின் மிக ஆழத்தில் பூட்டி வைத்தார்கள். பாதியில் விட்டவர்களுக்கு அவன் பேசினான் என்பதே தெரியாது. அதனால்தான் இன்றைக்கும் என்னிடம் வந்து, அது வெறும் ரோபோதானே, அதற்கு என்ன மனசு என்று கேட்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சரி, அவ்வளவு பெரிய கலகத்துக்கு அடுத்து என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. 2007-இல் வந்த சோனிக் ரைவல்ஸ் 2-இல் எக்மேன் அவனை, சோனிக்கின் போட்டியாளனான கறுப்பு முள்ளெலி ஷேடோவுக்குத் துணையாக அனுப்பிவைக்கிறான். அவனும் போகிறான்! தன்னைச் சிறையில் அடைத்தவனை எக்மேன் எப்படி மறுபடி வேலைக்கு வைத்துக்கொண்டான்? அவன் எப்படி அடங்கினான்? நினைவை அழித்தார்களா, பயமுறுத்தினார்களா, அவனே காத்திருக்கிறானா? விளையாடுகிறவனுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை. 2009-இல் மாரியோவோடு சேர்ந்து குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு விளையாட வந்துவிட்டான். அது கதை இல்லை, வெறும் போட்டி விளையாட்டு என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அவன் அடுத்து எங்கே வருவான் என்று காத்திருந்தவனுக்கு அதைப் பார்க்க வலிக்கத்தான் செய்தது.

2010-இல் சோனிக் ஃப்ரீ ரைடர்ஸ் என்ற பந்தய விளையாட்டு. இதில் ஒரு பொறி இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். வேறொரு ரோபோவாக வேடமிட்டு ஷேடோவின் அணிக்குள் புகுந்து, எல்லோருடைய தகவலையும் மறுபடி திரட்டி, கடைசியில் எக்மேனுக்கே துரோகம் செய்கிறான். பழைய மெட்டல்! ஆனால் அதைக் கினெக்ட் என்ற, உடல் அசைவைப் பார்க்கும் கருவி இல்லாமல் விளையாட முடியாது, கையைக் காலை ஆட்டித்தான் ஓட்ட வேண்டும். ஹீரோஸுக்குப் பிறகு அவனுக்குக் கிடைத்த ஒரே நல்ல திருப்பத்தைக் கொண்டுபோய் அந்தக் கருவி இருக்கிறவன் மட்டும் பார்க்கிற இடத்தில் வைத்தார்கள். அதுவும் ஒரு பந்தயத்தோடு முடிந்துவிட்டது.

2011-இல் சோனிக் ஜெனரேஷன்ஸ். மறுபடி ஸ்டார்டஸ்ட் ஸ்பீட்வே, மறுபடி பந்தயம். 2012-இல் சோனிக் 4-இன் இரண்டாம் பாகம், மறுபடி துரத்தல். 2017-இல் சோனிக் மேனியா, மறுபடி அதே ஸ்டார்டஸ்ட் ஸ்பீட்வே. மேனியாவின் அந்தச் சண்டை அருமையான சண்டை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் எத்தனை தடவைதான் அவனை 1993-க்கே இழுத்துக்கொண்டு போவீர்கள்?

அதே 2017-இல் வந்த சோனிக் ஃபோர்சஸ்தான் என்னால் மன்னிக்கவே முடியாதது. இன்ஃபினிட் என்ற புதிய வில்லனிடம் ஃபேன்டம் ரூபி இருக்கிறது, அதை வைத்து உருவங்களை உண்டாக்கலாம். ஷேடோ, பழைய எதிரிகளான கேயாஸ், சாவோக், அவர்களோடு மெட்டல் சோனிக் என்று நான்கு பேர் வந்து நிற்கிறார்கள். நான் துள்ளிக் குதித்தேன். பிறகு தெரிகிறது, அவர்கள் நிஜம் இல்லை, அந்தக் கல் உண்டாக்கிய பிரதிகள். மெட்டல் சோனிக்கின் பிரதி! யோசித்துப் பாருங்கள். நகல் என்று சொல்லப்படுவதுதான் அவனுடைய ஒரே காயம். அந்தக் காயத்திலிருந்துதான் அவன் கோபம் முழுவதும் வருகிறது. அவனை நகலின் நகலாக்கிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள், அதிலிருந்து ஒரு காட்சி, ஒரே ஒரு காட்சி எழுத யாருக்கும் தோன்றவில்லை. நிஜமான மெட்டல் எங்கேயோ இருந்துகொண்டு தன்னைப் போல் ஒரு பொம்மை அடிவாங்குவதைப் பார்த்திருந்தால்? தனக்கும் ஒரு நகல் வந்துவிட்டது என்று தெரிந்தால் அவன் என்ன செய்திருப்பான்? கதை தானாக மடியில் வந்து விழுந்திருக்கிறது. எடுத்துத் தூர எறிந்துவிட்டார்கள்.

இந்தத் தொடருக்கு ரோபோவின் மனதை எழுதத் தெரியாது என்றால் நான் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன். தெரியும்! 1998-இல் சோனிக் அட்வெஞ்சரில் ஈ-102 காமா என்ற ரோபோவை எழுதினார்கள். எக்மேன் செய்ததுதான் அதுவும். ஏமியையும் அவளோடு இருந்த சின்னப் பறவையையும் பார்த்து மனம் மாறி, தன் கூடப்பிறந்த மாதிரியான ரோபோக்களைத் தேடித்தேடி அழித்து, அவற்றுக்குள் அடைபட்ட விலங்குகளை விடுவிக்கிறது. கடைசியில் ஈ-101 பீட்டாவோடு மோதித் தானும் வெடிக்கிறது, அதற்குள் இருந்த பறவை பறந்து போய்க் குடும்பத்தோடு சேர்கிறது. அந்த விளையாட்டின் ஆறு கதைகளில் இதுதான் மிகச் சின்னக் கதைகளில் ஒன்று, எத்தனை பேர் அழுதிருக்கிறார்கள்! சிவப்பு இரும்பு உடம்பு, தட்டையான குரல், அவ்வளவுதான் அதற்கு இருந்தது. அது போதுமாக இருந்தது. ஆக, கை வராமல் இல்லை. அக்கறை இல்லை.

சிலர் சொல்வார்கள், பேசாமல் இருந்தால்தான் மெட்டல் சோனிக் பயமாக இருக்கிறான் என்று. பேசாதது வேறு, சொல்வதற்கு எதுவும் இல்லாதது வேறு. 1993-இல் அவன் பேசவில்லை, ஆனால் ஏமியைத் தூக்கிப் போனான், பந்தயத்தில் கொல்ல வந்தான், அவன் வந்ததால் கதை நகர்ந்தது. வசனமே வேண்டாம், அதையாவது திருப்பிக் கொடுங்கள். எக்மேன் கட்டளை போடும்போது ஒரு கணம் தாமதித்துத் தலையைத் திருப்பட்டும். அது போதும் எனக்கு.

2024-இல் ஷேடோ ஜெனரேஷன்ஸ் வந்தபோது மெட்டல் ஓவர்லார்டை மறுபடி கொண்டுவந்தார்கள். வானத்தை மறைக்கிற அந்த உருவத்தை இவ்வளவு அழகாகப் பார்ப்பேன் என்று நினைத்ததே இல்லை. மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் அதுவும் காலத்திலிருந்து பிடுங்கி எடுத்த பழைய நினைவு, எதிரே நிற்பது ஷேடோ. சோனிக்குக்கும் மெட்டலுக்கும் நடுவே தீராமல் கிடக்கும் கணக்கை அது தொடவே இல்லை.

இரண்டு நாளுக்கு முன் பழைய சோனிக் சிடியை மறுபடி போட்டு விளையாடினேன். ஸ்டார்டஸ்ட் ஸ்பீட்வேயில் நான்கு தடவை தோற்றேன். நான்கு தடவையும் அவன் என்னை முந்திப் போனான், கதவு மூடியது, லேசர் வந்தது. அதாவது நான்கு தடவை அவன் ஜெயித்தான். திரை இருண்டு, பந்தயம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது, அவனும் என் பக்கத்தில் வந்து நின்றான், எதுவுமே நடக்காத மாதிரி. ஐந்தாவது தடவை நான் முந்தினேன், அவன் கதவில் மோதினான். அதை மட்டும்தான் விளையாட்டு நடந்ததாக எடுத்துக்கொண்டது. அப்புறம் ஹீரோஸின் பழைய சேமிப்பைத் திறந்து கடைசிக் காட்சிக்குப் போனேன். ஏன் என்னால் உன்னை வெல்ல முடியவில்லை என்று அவன் கேட்டான். எப்போது வேண்டுமானாலும் வா என்று சோனிக் சொன்னான். 20 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவனை வரவிடுங்கள்.