களப்பணி என்றால் சுற்றுலாவாம்

மழையையும் ஆற்று நீரோட்டத்தையும் அளக்கும் பொறியாளர்களான எங்கள் சென்ற வாரக் கூட்டத்தில், நான் போட்ட ஒரு படம் பட்ட பாடு உங்களில் பலருக்குத் தெரியும். மழைமானிக்குப் பக்கத்தில் என் மகன் ஓர் இலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம்தான் அது. "அம்மையாருக்குக் களப்பணி என்றால் குடும்பச் சுற்றுலா" என்று மூத்த பொறியாளர் ஒருவர் சொல்ல, அவையே சிரித்தது, நானும் சிரித்துவைத்தேன். இப்போது சொல்கிறேன்: அது என் விடுப்பு நாள், என் வண்டி, என் பிள்ளை.

அந்த இலையின் கதையைக் கேட்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. முதல் நாள் இரவு மலையடிவாரத்தில் கூடாரம் போட்டிருந்தோம். விடிய விடிய மழை. போர்வை வரை நனைந்துவிட்டது. காலையில் கைபேசியில் பார்த்தால், கூப்பிடு தூரத்தில் நிற்கும் எங்கள் மழைமானி காட்டிய அளவு பூஜ்யம். அந்தக் கருவிக்குள் ஏற்றப்பலகை போல இரு சிறு கிண்ணங்கள் உண்டு, 0.2 மில்லிமீட்டர் மழைக்கு ஒருமுறை ஒன்று சாய, மற்றது நிமிரும். எத்தனை முறை சாய்ந்தது என்பதுதான் மழைக் கணக்கு. மழைநீரை அந்தக் கிண்ணங்களில் இறக்கும் புனலின் வாயை இலை அடைத்துக்கொண்டால், எவ்வளவு கொட்டினாலும் மழையே இல்லை என்று கருவி சத்தியம் செய்யும். இலையை எடுத்தவன் மகன். தேங்கிய நீர் இறங்க இறங்க உள்ளே 'டக், டக்' என்ற சத்தத்தை எண்ணத் தொடங்கியவன், நாற்பதைத் தாண்டியதும் தவறவிட்டான். (அந்தச் சாய்வுகள் அந்நேரத்து மழையல்ல என்று தரவில் குறித்தும் வைத்தேன், அதை யார் கேட்டார்கள்?) நாங்கள் அங்கே நனைந்திராவிட்டால், அது மழையில்லாத இரவாகவே கோப்பில் ஏறியிருக்கும்.

பிள்ளைக்கு ஆபத்தில்லையா என்பது நியாயமான கேள்வி. ஆற்றில் இறங்கி, நீர்மட்டத்திலிருந்து ஆழத்தின் 0.6 பங்கில் வேகமானியைப் பிடித்து நீரோட்டம் அளக்கும் நாளில், அவனைக் கரைக்குக்கூட நான் அழைத்துச் சென்றதில்லை. மழைமானி நிற்பதோ மேட்டு நிலத்தில், வேலிக்குள். அலுவலகக் கருவியைப் பிள்ளை தொடலாமா என்று கேட்பவர்களுக்கு: அவன் தொட்டது இலையை.

சுற்றுலா என்று சிரித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும், அவர்களும் இதே தொழிலில் இருப்பவர்கள்தாமே. நீர்மட்டத்தையும் ஓட்ட அளவையும் இணைக்கும் வளைகோட்டின் மேல்முனைப் புள்ளிகள் வெள்ளம் வரும்போதுதான் கிடைக்கும். வெள்ளமோ விடுமுறை பார்த்து வருவதில்லை. எங்கள் வளைகோட்டின் மேல்மூலையில் தனியாக நிற்கும் ஒரு புள்ளி, என் மகனின் ஏழாவது பிறந்தநாளன்று நான் அளந்தது. அன்று முழங்காலளவு சேற்றில் நின்றிருந்தபோது அதை யாரும் சுற்றுலா என்று சொல்லவில்லை. அந்தப் புள்ளியை மட்டும் எல்லோரும் தங்கள் அறிக்கைகளில் பயன்படுத்திக்கொண்டார்கள். ஆண் சகா ஒருவர் மகளைத் தோளில் ஏற்றிக் களத்தில் எடுத்த படத்துக்குப் 'பொறுப்பான தகப்பன்' என்று உருகியவர்களும் இவர்களேதான். நான் மட்டும் குடும்பத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்தால்தான் பொறியாளர் போலிருக்கிறது.

கூடாரம் இன்னும் மாடியில் காய்ந்துகொண்டிருக்கிறது. காய்ந்ததும் மூவரும் கிளம்புகிறோம். படமும் போடுவேன்.