காணாமல் போன தேனீக்களும் நாம் ஊற்றிய சர்க்கரைப்பாகும்

இரண்டு வாரத்துக்கு முன்பு மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து தெரிந்த தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். ஐந்து பெட்டி இந்தியத் தேனீ வைத்திருந்தவர். மழைக்காலம் முடிவதற்குள் மூன்று பெட்டி காலி. "செத்துக் கிடந்தாலாவது மனம் ஆறும் அண்ணாச்சி. ஒரு தேனீகூடச் செத்துக் கிடக்கவில்லை. காலையில் போகிறது, சாயங்காலம் திரும்பி வருவதில்லை" என்றார். என்ன தீனி வைத்தீர்கள் என்று கேட்டேன். "சர்க்கரைப்பாகு ஒரு தவணைகூடத் தவறவில்லை" என்றார் பெருமையாக.

அந்தப் பதில் மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே அவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

சர்க்கரைப்பாகு பறப்பதற்கான எரிபொருள். அதைக் குடித்துத் தேனீ உயிரோடு இருக்கும். ஆனால் புழுவின் உடலும் மூளையும் உருவாவது மகரந்தத்தால். புழுவுக்குப் பாலூட்டும் இளம் தேனீ மகரந்தம் தின்றால்தான் அதன் தலையில் உள்ள சுரப்பியில் பால் ஊறும். மகரந்தம் வராத பெட்டியில் தாதிக்கே உணவில்லை, பிள்ளைக்கு எங்கிருந்து வரும்?

அமெரிக்காவின் வெல்லெஸ்லி கல்லூரியில் ஸ்கோஃபீல்ட், மாட்டிலா இருவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வை நான் பலமுறை படித்திருக்கிறேன். புழுப் பருவத்தில் மகரந்தம் குறைவாகக் கிடைத்த தேனீக்களையும் நிறைவாகக் கிடைத்த தேனீக்களையும் வளர்ந்தபின் ஒரே கூட்டில் விட்டுக் கவனித்தார்கள். பசியில் வளர்ந்தவை எடை குறைவாகப் பிறந்தன, சீக்கிரம் இறந்தன. தீனி தேடவும் வயதுக்கு முந்தியே கிளம்பின. வெளியே போன ஒரே நாளோடு முடிந்துபோனவை அவற்றில் அதிகம். தேனீ பூ இருக்கும் இடத்தைக் கூட்டுக்குள் நடனமாடித்தான் மற்றவற்றுக்குச் சொல்லும்; திரும்பி வந்து அப்படி ஆடிய சிலவும் திசையைத் துல்லியமாகக் காட்டவில்லை. வளர்ந்தபின் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே வீடு. ஆனாலும் புழுவாக இருந்த சில நாள் பசி கடைசிவரை ஈடாகவில்லை.

அந்தத் தம்பியின் பெட்டியிலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். சாயங்காலம் திரும்பாத தேனீ அன்று காலை வழி தவறியதல்ல. சில வாரங்களுக்கு முன்பு, புழு அடையில் கிடந்தபோதே அதற்கு வழி தவறிவிட்டது.

மகரந்தம் என்று ஏதாவது வந்தால் போதுமா? அதுவும் இல்லை. எருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் யேல் ஆரியன், அர்னான் டாக், ஷரோனி ஷாஃபிர் ஆகியோர் 2015-இல் ஒமேகா-3 கொழுப்பை வைத்துச் சோதித்தார்கள். ஒரு வாசனையைக் காட்டி உடனே சர்க்கரைத் துளி கொடுத்தால், அடுத்த முறை அந்த வாசனைக்கே தேனீ நாக்கை நீட்டும். கற்றலை அளக்க இது பழைய, நம்பகமான முறை. ஒமேகா-3 குறைந்த உணவு தின்ற தேனீக்கள் இதில் வெகுவாகப் பின்தங்கின. யூகலிப்டஸ் மகரந்தம் மட்டும் தின்றவையும் அப்படியே. பாலூட்டும் சுரப்பியும் சிறுத்துப்போயிருந்தது. தைலமரக் காடுகளாலேயே மாவட்டங்களை நிரப்பி வைத்திருக்கும் நாம் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா?

எங்கள் குமரி மாவட்டத்துக்கு வேறொரு சிக்கல். இங்கே தேன் என்றால் ரப்பர். இலை உதிர்ந்து தளிர் விடும் மாதங்களில் பெட்டி நிரம்பி வழியும். அந்தத் தேன் பூவிலிருந்து வருவதல்ல, இலைக்காம்பில் உள்ள சுரப்பியிலிருந்து வருவது. எனவே அதனோடு மகரந்தம் வராது. மகரந்தத்துக்குத் தேனீ தென்னையை நாட வேண்டும். மரத்தடியில் படரும் தொட்டாற்சுருங்கியை நாட வேண்டும். அந்தத் தொட்டாற்சுருங்கியை முள் குத்துகிறது என்று களைக்கொல்லி அடித்துக் கருக்கிவிடுகிறோம். தேன் அறையில் எடை ஏறுகிறது, கீழே புழு அறையில் பட்டினி. நாம் எடையை மட்டும் பார்த்து மகிழ்கிறோம்.

இனி நான் செய்த தவறைச் சொல்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் பெட்டியைத் திறந்து, அடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தைத் தூக்கிக் காட்டுவேன். கார்த்திகை மாதத்துச் சாயங்காலம், மழை விட்ட ஈரக்காற்று, அப்போதும் காட்டுவேன். குழந்தைகள் புழு அடையைப் பார்த்து வியப்பார்கள், எனக்கும் சந்தோஷம். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடமாவது ஆகும்.

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் யூர்கன் டவுட்ஸ் குழு 2003-இல் செய்ததைப் படித்த அன்றோடு அதை நிறுத்தினேன். கூட்டுப்புழுக்களை 32, 34.5, 36 டிகிரியில் தனித்தனியாக வளர்த்து, தேனீயாக வெளிவந்ததும் சாதாரணக் கூடுகளில் விட்டார்கள். கூட்டுக்குள் வேலை செய்யும்வரை எந்த வித்தியாசமும் தெரியவில்லை. வெளியே பறந்து 200 மீட்டர் தூரத்துத் தீனியைக் கண்டு திரும்பி ஆடத் தொடங்கியபோதுதான் தெரிந்தது: 32 டிகிரியில் வளர்ந்தவை, அதிகச் சூட்டில் வளர்ந்தவை ஆடியதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுற்றுகளே ஆடின. ஒரே முறை காட்டிய வாசனையை நினைவில் வைப்பதில் 36 டிகிரித் தேனீக்கள் சிறந்தன, மற்றவை பின்தங்கின. அடுத்த ஆண்டே அதே பல்கலைக்கழகத்தினர் மூளையைப் பார்த்தார்கள். நினைவுக்கான பகுதியில் நரம்பு இணைப்புத் திரள்களின் எண்ணிக்கையே வளர்ந்த சூட்டைப் பொறுத்து மாறியிருந்தது.

நான்கு டிகிரிதான் வித்தியாசம். அந்தச் சூட்டைக் காக்கத் தேனீக்கள் படும் பாட்டைச் சொல்ல வேண்டும். இறக்கையை அசைக்காமல் பறக்கும் தசையை மட்டும் நடுங்க வைத்து, கூட்டுப்புழு உள்ள மூடிய சிற்றறையின் மேல் நெஞ்சை அழுத்திக்கொண்டு அசையாமல் இருக்கும். புழு அடையின் நடுவே காலியாக இருக்கும் சிற்றறைக்குள் தலையை முன்னே விட்டு நுழைந்து, சுற்றியுள்ள அறைகளையெல்லாம் சூடாக்கும் தேனீக்களும் உண்டு. அந்த உழைப்பை, விருந்தாளிக்குக் காட்டுவதற்காக நான் ஈரக்காற்றில் கொட்டினேன்.

இவையெல்லாம் ஐரோப்பியத் தேனீயில் செய்த ஆய்வுகள், நம் தேனீக்குப் பொருந்தாது என்று சிலர் சொல்வார்கள். நம் தேனீயும் புழுவை அடைகாக்கிறது, நம் தேனீயும் நடனமாடித்தான் வழி சொல்கிறது. இருக்கிற சிறு கூட்டத்தோடு மழையில் சூட்டைக் காப்பது அதற்கு இன்னும் கடினம்.

ஒரு கூட்டத்தை இரண்டாக்கிப் பெட்டி பிரிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2023-இல் சீன ஆய்வாளர்கள், கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் நீ (Nieh) என்ற ஆய்வாளருடன் சேர்ந்து, மூத்த தேனீயே இல்லாத கூடுகளை உருவாக்கிப் பார்த்தார்கள். ஆட்டத்தைப் பார்த்துக் கற்க ஆளில்லாத இளம் தேனீக்கள் முதலில் தாறுமாறாக ஆடின. பழகப் பழகத் திசை சரியானது. தூரத்தைச் சொல்வதில் இருந்த பிழை கடைசிவரை மாறவில்லை. நாம் பிரித்த பெட்டியைப் பக்கத்திலேயே வைக்கும்போது என்ன நடக்கிறது? மூத்த தேனீக்களெல்லாம் பழைய இடத்துக்கே பறந்துவிடுகின்றன. புதுப் பெட்டியில் மிஞ்சுவது பிள்ளைகள் மட்டும். அதனால் நான் இப்போது பிரித்த பெட்டியைச் சில கிலோமீட்டர் தள்ளி, வேறு ஊரில் கொண்டுபோய் வைக்கிறேன். மூத்தவையும் அதிலேயே தங்குகின்றன.

பயிற்சி கொடுக்கிறவர்களிடம் எனக்குக் கோபம் உண்டு. பெட்டி தருகிறீர்கள், மானியம் தருகிறீர்கள், பாகு காய்ச்சும் அளவைத் தாளில் அச்சடித்துத் தருகிறீர்கள். அந்தத் தாளில் மகரந்தம் என்ற சொல்லே இல்லை. எந்த மாதத்தில் எந்தப் பூவில் மகரந்தம் கிடைக்கும் என்று ஒரு பட்டியல் அச்சிட எவ்வளவு செலவாகும்? தென்னை, புளி, எள், சோளம், சூரியகாந்தி என்று ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த பெயர்கள்தானே?

அந்தத் தம்பியிடம் மிச்சமிருக்கும் இரண்டு பெட்டிக்கும் முன்னால் காலையில் கால்மணி நேரம் உட்காரச் சொன்னேன். உள்ளே நுழையும் தேனீக்களின் காலில் மஞ்சள் மகரந்த உருண்டை இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து எனக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன். அவர் தோட்டத்துத் தொட்டாற்சுருங்கியை இந்த வருஷம் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

என் பெட்டிகளைப் பார்க்க வருகிறவர்கள் வெயில் நன்றாக ஏறிய பிறகு வாருங்கள். சாயங்காலம் வந்தால் வாசலில் நின்று பார்க்கலாம். மூடியைத் திறக்க மாட்டேன்.